மூடியில் இல்லாத குழந்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

மூத்தவள் எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம், அப்பாவும் நலம். நீங்களும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். முதல் தாளில் நீ என்றுதான் எழுதினேன். பாதியில் நிறுத்திக் கிழித்துவிட்டு, இந்தத் தாளில் நீங்கள் என்று எழுதுகிறேன். நான்கு வருடம் ஆகிவிட்டதால் எது சரி என்று தெரியவில்லை.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சின்னக் கை. மியூசியத்தில் பார்த்த ஒரு படத்தின் வலது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, அதில் இருந்த பெண்ணின் பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தது. குண்டு மணிக்கட்டு, நகம்கூட வரைந்திருந்தார்கள். நம் வீட்டில் இருக்கும் படத்தில் அந்தக் கை கிடையாது. அதைப் பார்த்ததுமே பட்டாணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

உங்களுக்குப் புரியும்படி முதலிலிருந்து எழுதுகிறேன். பட்டாணி என்பது உங்கள் சின்ன மகள்தான். நீங்கள் போனபோது அவளுக்கு ஒன்றேகால் வயது, இப்போது ஐந்து முடிந்துவிட்டது. உருண்டு உருண்டு ஓடியதால் அந்தப் பெயர் வந்தது. இப்போது ஒல்லியாகிவிட்டாள், பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. தம்பிக்கு எட்டு வயது. அவனை வக்கீல் என்று கூப்பிடுகிறோம். குளிக்கப் போ என்றால்கூட, நேற்றுக் குளித்தவன் இன்று ஏன் குளிக்க வேண்டும் என்று வாதாடுவான்.

உங்கள் முகவரியைப் பெரியம்மாவிடம் வாங்கினேன். தான் கொடுத்ததாக யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கூடவே உங்களைப் பற்றி இன்னொரு செய்தியும் சொன்னார்கள். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்கும் தெரியாது. நான் ஒரு சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், ஓட்டல் படுக்கை விரிப்புகளைப் பிரித்து நம்பர் பார்த்து அடுக்கும் வேலை. பெரிய மெஷின் ஒருமுறை ஓடி நிற்க நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடங்களில்தான் எழுதுகிறேன். சத்தம் அதிகம், யாரும் என்னிடம் பேச வரமாட்டார்கள். எனக்கு அது வசதி.

பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்றுதான் இருந்தேன். பட்டாணிக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு வக்கீலுக்கு. அந்தப் பருவம் முழுக்க டீச்சர் என் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எனக்குப் பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போகவே கூச்சமாகிவிட்டது. இதை உங்கள்மேல் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் நூலும் ஊசியும் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பா ஞாபகம் இருக்கிறதா? வட்டத் தகர டப்பா. மூடியில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கிண்ணம் வைத்துக்கொண்டு, லேசாகத் தலை சாய்த்திருப்பாள். அந்த டப்பாவை நீங்கள் எடுத்துப் போகவில்லை.

நீங்கள் போன அடுத்த வாரம் அப்பா உங்கள் போட்டோக்கள் எல்லாவற்றையும் எடுத்தார். ஆல்பம், சுவரில் இருந்தது, பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது எல்லாம். கத்தவில்லை, கிழிக்கவில்லை. காய்கறிப் பையில் போட்டு, வாயை மடித்துக் கட்டி, குப்பை வண்டி வந்ததும் கீழே இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். போனில் இருந்ததையும் அழித்துவிட்டார். பிறகு பட்டாணிக்குப் பால் காய்ச்சினார்.

பட்டாணிக்கு இரண்டரை வயது ஆனபோது, மாடிப்படியில் யாரோ ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, நம்ம அம்மா எங்கே என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். எப்படி இருப்பார்கள் என்றாள். எனக்குச் சொல்ல வரவில்லை அம்மா. சிவப்பு, கறுப்பு, உயரம், குட்டை என்று சொன்னால் ஒரு முகம் வந்துவிடுமா? அவள் அழுதுகொண்டே இருந்தாள். கையில் அந்த டப்பாதான் இருந்தது, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திருப்பிக் காட்டி, இதுதான் என்றேன். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கிறது, தங்கைக்காகச் சும்மா இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த மூடிதான் நீங்கள். பட்டாணி பள்ளிக்குப் போகும் முன் அதற்குச் சொல்லிவிட்டுப் போவாள். மூடியில் அந்தப் பெண்ணின் தாடையில் கொஞ்சம் துரு ஏறியிருக்கிறது. அம்மாவுக்கு அடிபட்டிருக்கிறது, மருந்து போடணும் என்பாள். மடியில் இருக்கும் கிண்ணத்தில் சாப்பாடு இருக்கிறது, அது தனக்குத்தான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி இரண்டரை வருடம் ஓடிவிட்டது.

இனி அப்பா விஷயம். மூன்று வாரத்துக்கு முன் ரொட்டி நறுக்கிக்கொண்டே, எங்கள் பக்கம் திரும்பாமல், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மியூசியம் போகிறோம் என்றார். அப்பா இப்போதும் லிஃப்ட் மெக்கானிக்தான். அந்த மியூசியத்தில் சாமான் ஏற்றும் லிஃப்ட் நின்றுபோய், ஒரு வாரம் அங்கே வேலை பார்த்தார். குடும்பத்தோடு வந்து படங்களைப் பாருங்கள் என்று மேலாளர் ஐந்து சீட்டு கொடுத்தாராம். நாம் நாலு பேர்தானே என்றான் வக்கீல். மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒரு அக்காவும் வருவார் என்றார் அப்பா. எதற்கு என்று இவன் விடவில்லை.

“சும்மாடா. படம் பாக்கத்தான்.”

“அவங்க படத்தப் பாக்க வர்றாங்களா, எங்களப் பாக்க வர்றாங்களா?”

அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சின்னவர்கள் வெளியே விளையாடப் போன பிறகு என்னிடம் சொன்னார். அடுத்த மாதம் பதினாலாம் தேதி அவரும் அந்த அக்காவும் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை எழுதப் போகிறார்களாம். உங்கள் இருவருக்கும் இடையே இருந்த விவாகரத்துக் காகித வேலை போன வருடமே முடிந்துவிட்டதாமே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகள் அவரோடு பழக வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்றார். ஏன் மியூசியம் என்று கேட்டேன். அங்கே யாரும் சத்தம் போட முடியாது என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது சிரிப்பாகிவிட்டது. ரொம்ப நாள் கழித்து அப்பா சிரித்ததைப் பார்த்தேன்.

அன்றுதான் உங்கள் முகவரி வாங்கப் பெரியம்மா வீட்டுக்கு நடந்து போனேன். உங்களிடம் ஒரு போட்டோ கேட்க நினைத்தேன். வேறொருவர் வீட்டுக்கு வரும் முன் பட்டாணிக்கு உங்கள் உண்மையான முகத்தைக் காட்டிவிட வேண்டும், இதுதான் அம்மா, இது வேறு ஒருவர் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. மூடியை வைத்துக்கொண்டு இனிமேலும் ஓட்ட முடியாது. ஆனால் பெரியம்மா சொன்ன அந்தச் செய்தியைக் கேட்டபிறகு எழுதக் கை வரவில்லை. ஞாயிறு வந்துவிட்டது.

மருந்துக்கடை அக்கா பஸ் நிறுத்தத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கொஞ்சம் பருமன், வேகமான நடை. கைப்பையில் இருமல் மிட்டாய் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மாத்திரை எண்ணுவதுபோல ஒரு விரலால் காற்றில் தள்ளித் தள்ளி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். வக்கீல் உடனே கேட்டான்.

“நாங்க சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“நீ பின்னாடிதான். உன்ன வெறும் வயித்துல தாங்க முடியாது போலயே.”

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அந்த அக்காவை எனக்குப் பிடிக்கக் கூடாது என்று காலையில் தலை வாரும்போதே முடிவு செய்திருந்தேன். நினைத்த மாதிரி அது சுலபமாக இல்லை. பஸ்ஸில் வக்கீல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கசப்பு மருந்தை ஏன் இனிப்பாகச் செய்யக் கூடாது என்று வழக்கு நடத்தினான். பட்டாணி என் மடியை விட்டு அசையவில்லை.

மியூசியம் உள்ளே போனதும் குளிர். தரை கண்ணாடிபோல இருந்தது, பட்டாணியின் ஷூ ஒவ்வொரு அடிக்கும் கீச்சென்றது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றி, வியர்த்துவிட்டது. கீச்சொலி வராமல் நடக்கட்டும் என்று அவளைக் குதிகாலில் நடக்க வைத்தேன், அது இன்னும் வேடிக்கையாகிவிட்டது. ஒவ்வொரு சுவரிலிருந்தும் ஒரு முழம் தள்ளித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் மணி அடிக்கும் என்று அப்பா சொன்னார். ஒரு வாரம் அங்கே வேலை பார்த்ததால் தன் வீட்டைக் காட்டுவதுபோல எல்லாவற்றையும் காட்டினார். படங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பெரிய போர்க்களப் படத்தின் முன் நின்று, இதன் எடை இவ்வளவு, இதை மேலே ஏற்ற எட்டுப் பேர் தேவைப்பட்டது என்றார்.

இரண்டாவது அறையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு காவலர் இருந்தார். முழங்கால் வலி போல, இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறி மாறி நின்றார். வெறும் கறுப்பும் சிவப்புமாய்க் கிறுக்கியிருந்த ஒரு படத்தைக் காட்டி, வீட்டுச் சுவரில் நான் இப்படிக் கிறுக்கினால் அடி விழும் என்றான் வக்கீல். வரைஞ்சவரும் அடி வாங்கின பிறகுதான் தம்பி இது இங்க வந்து தொங்குது என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு வெளியூர்க்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஒரு குடும்பம் மாதிரித்தான் இருந்திருப்போம். இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மூன்றாவது அறையில்தான் அந்தப் படம் இருந்தது, நம் டப்பா மூடியில் இருக்கும் அதே பெண்.

நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பட்டாணி என் கையை உதறிவிட்டாள். ஷூ கீச்கீச்சென்று நேராக ஓடி, மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றாள். மணி அடித்தது. அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவள் மணியைக் கவனிக்கவே இல்லை. தலையை நிமிர்த்தி, தெரிந்தவர்களிடம் பேசும் குரலில் பேச ஆரம்பித்தாள்.

“அம்மா, நான் பட்டாணி. ஷூ லேஸ் இப்ப நானே கட்டிக்குவேன்.”

பிறகு என் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் காயம் ஆறிடுச்சு அக்கா என்றாள். அந்தப் படத்தில் தாடையில் துரு இல்லைதானே.

காவலர் நொண்டிக்கொண்டே வந்தார். அப்பாதான் ஓடிப்போய் அவளைக் கோட்டுக்கு வெளியே இழுத்தார். பாப்பா யாரையோ நினைத்துப் பேசுகிறாள் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கு வருடமாக அந்த டப்பா அலமாரியில் அவர் கண் முன்னால்தான் இருக்கிறது, ஒருநாளும் அவர் மூடியைப் பார்த்ததில்லை.

அதற்குள் பட்டாணி அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்து தோள், தோளிலிருந்து முகம். மூடி வட்டமாக இருந்ததால் வலது பக்கம் முழுக்க வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது, அம்மா. உண்மையான படத்தில் அங்கே ஒரு குழந்தை நிற்கிறது. இரண்டு வயது இருக்கும். வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அந்தப் பெண் தலை சாய்த்து அதைத்தான் பார்க்கிறாள். மூடியில் தெரியாத அவளது இன்னொரு கையில் கரண்டி இருக்கிறது. அந்தக் கிண்ணம் அந்தக் குழந்தைக்கு.

“அது யாரு?” என்றாள் பட்டாணி.

நான் வாய் திறக்கும் முன் வக்கீல் முந்திக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பாப்பாவாக இருக்கும், அம்மா சும்மா ஊட்டிவிடுகிறார்கள் என்றான். அவள் நம்பவில்லை. படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகையில் எழுதியிருந்தது. உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, அதைப் படி என்றாள். அவன் குனிந்து, எழுத்துக் கூட்டி, உள்ளதை உள்ளபடியே படித்துவிட்டான். தாயும் குழந்தையும். வரைந்தவர் பெயர் தெரியவில்லை. படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவனுக்கே உறைத்தது.

அப்பாவுக்கு அப்போது ஏதோ தட்டுப்பட்டது. இதை அம்மா என்று யார் சொன்னது என்று என்னைக் கேட்டார். நான்தான் என்றேன். டப்பாவைப் பற்றியும் சொன்னேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எப்படியோ சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அறை நடுவில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பட்டாணியைக் கூப்பிட்டு முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார். மருந்துக்கடை அக்கா எதையும் கேட்காமல், தள்ளி இருந்த வேறொரு படத்தின் முன் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்பா பேசட்டும் என்றுதான் போனார் என்று நினைக்கிறேன்.

“உங்கம்மா இப்படி இருக்கமாட்டா, கண்ணு. அவ நெத்தி வந்து…”

அதோடு நிறுத்திக்கொண்டார். பட்டாணி காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அவர் தன் நெற்றியில் ஒரு விரலை வைத்து, ஏதோ அளப்பதுபோல இழுத்தார். பிறகு கையை மடியில் போட்டுவிட்டார். எல்லாவற்றையும் குப்பை வண்டியில் கொடுத்தவர் அவர்தான். கொடுத்தது எவ்வளவு என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வக்கீலை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய்க் கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதே, நீ சொல்லேன் என்று. அவன் என்னையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“நானும் அம்மா அதுதான்னு நெனச்சேன்கா.”

அம்மா, நான் பெரிய தப்புச் செய்துவிட்டேன். அவனுக்கு நான்கு வயதுவரை உங்கள் முகம் இருந்தது. அதன்மேல் நான் ஒரு மூடியைப் போட்டு மூடிவிட்டேன். அன்று அந்தப் படத்தின் முன் நின்று, நானாவது நினைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். நூலைப் பல்லால் கடிக்கும்போது நீங்கள் கழுத்தைச் சாய்க்கும் விதம் வந்தது. என்னைக் கூப்பிடும் குரல் வந்தது. முகம் வரும் இடத்தில் தாடையில் துருவோடு அந்தப் பெண்தான் வந்தாள். நீங்கள் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. நான் மறந்திருக்கக் கூடாது.

மூடும் நேரம் ஆகிவிட்டது என்று மணி அடித்தார்கள். பட்டாணி படத்தின் முன்னால் கோட்டுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குழந்தைக்கு ஊட்டி முடித்ததும் அம்மா திரும்பிப் பார்ப்பார்கள், அதுவரை நான் வரமாட்டேன் என்றாள். அப்பா கெஞ்சினார். அக்கா மிட்டாய் எடுத்து நீட்டி, அவள் கண்டுகொள்ளாததால் மறுபடி பையில் போட்டுக்கொண்டார். காவலர் ஒரு விளக்கை அணைத்தார், நாங்கள் இருந்த பக்கத்து விளக்கை மட்டும் விட்டுவைத்தார். நான் பட்டாணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, அந்தப் பாப்பாவப் பாத்துக்கத்தான் அம்மா நம்மகிட்ட வரலையா?”

அது வெறும் படம், நம் அம்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவளுக்கு அம்மா என்று ஒரு முகமே இல்லாமல் போய்விடும். இல்லை, அம்மா நமக்காக வருவார்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டரை வருடமாகச் சொன்னதுதானே, இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். பெரியம்மா வாசலில் நின்றுகொண்டு சொன்னது என் காதிலேயே இருந்தது. அவளுக்கு இப்ப ஒரு சின்னக் குழந்தை இருக்கு, போட்டு அலைக்கழிக்காதீங்க.

“ஆமா,” என்றேன்.

பட்டாணி அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அது சின்னதா இருக்குல்ல என்றாள். ஆமாம், ரொம்பச் சின்னது என்றேன். அதற்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது என்றாள். தெரியாது என்றேன். சரி, போகலாம் என்று எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். நான் சொன்னது அப்பாவின் காதிலும் விழுந்தது. அந்தச் செய்தி அவருக்கும் தெரியுமா என்று தெரியவில்லை.

நான் சொன்னது பொய் இல்லையே, அம்மா? பொய் என்றால் இரண்டே வரி எழுதுங்கள். ஓடிப்போய்ப் பட்டாணியிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள். புறப்படும்போது யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. வக்கீல் வாதாடுவதைக் குறைத்துக்கொண்டான், குளி என்றால் குளித்துவிடுகிறான். அப்பா வேலையிலிருந்து வந்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு, அழித்ததை எல்லாம் திரும்ப எடுக்க முடியுமா என்று கடைகளில் விசாரித்து வருகிறார். முடியாது என்று மூன்று கடையிலும் சொல்லிவிட்டார்களாம். போட்டோ கேட்கத்தான் உங்கள் முகவரி வாங்கினேன் என்று மேலே எழுதினேன். இப்போது அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அவள் பார்த்துவிட்டு, இது யாரு என்று கேட்பாள்.

அந்தக் குழந்தை பெண்ணா, பையனா என்று பெரியம்மா சொல்லவில்லை. யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நோய்நொடி இல்லாமல் வளரட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருந்து ஊட்டிவிடுங்கள். கடைக்குப் போனாலும் எப்போது வருவீர்கள் என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் போட்டோ ஒன்றை அதன் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

மெஷின் நிற்கப் போகிறது. அன்று நடந்ததில் கொஞ்சம்தான் பாக்கி, அதையும் எழுதிவிடுகிறேன். மியூசியத்திலிருந்து வெளியே வரும் வழியில், கழிவறைப் பக்கம் வந்ததும் பட்டாணி என் சட்டையைப் பிடித்து இழுத்து, அவசரம் என்றாள். வெளியிடத்தில் என்னைத் தவிர யாரோடும் போகமாட்டாள், அப்பாவோடுகூட. மருந்துக்கடை அக்கா நின்று என் முகத்தைப் பார்த்தார். அதுவரை நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“நீங்க கூட்டிட்டுப் போங்க,” என்றேன். அவருடைய கைப்பையை வாங்கிக்கொண்டு, கதவுக்கு வெளியே சுவரோரமாக நின்றேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்